பட்டியலில் உள்ள ஐந்து பேர்

மரியே வாழ்க

நாகப்பட்டினம்

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஐந்து பெயர், எதிரே வயது, கடைசியில் ‘கொடியேற்றத்துக்குள் செட்டில்மென்ட்’ என்று ஒரு குறிப்பு. ஆகஸ்ட் 29 வருவதற்குள் அறுபதைத் தொட்டவர்களையெல்லாம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, இந்த மாதா கோயில் திருவிழாவைப் புது ஆட்களோடு நடத்த வேண்டும் என்பது உன் எண்ணம். போனில் பேசினால் உன் அப்பா குறுக்கே பேசுவான், உனக்குக் கோபம் வரும், பேச்சு பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு முடிவு செய். லாட்ஜ் இப்போது உன் பொறுப்பு, முடிவும் உன்னுடையதுதான்.

நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் கட்டடம் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் ஒரு குடும்பம் காலி செய்த அறையை, அடுத்த ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தயார் செய்தாக வேண்டும். கடற்கரை மணல் கட்டிலுக்கு அடிவரை வந்து கிடக்கும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் படுத்து எழுந்த தலையணை உறையெல்லாம் மஞ்சளாக இருக்கும். இரட்டைக் கட்டில் மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் விரிப்பை உள்ளே செருகுவது இருபத்தைந்து வயதுக்காரருக்கே இடுப்பைப் பிடித்துவிடும். அறுபது வயதில் ஒரு நாளைக்குப் பத்து அறை முடியவில்லை என்று நீ சொல்வது உண்மைதான். அதற்கு நீ ஆளை மாற்றப் பார்க்கிறாய். நான் வேலையை மாற்றிப் பார் என்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

இந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58 தான் ஓய்வு வயது. கொரோனா நேரத்தில், 2020 மே மாதம், அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆனது. பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இன்னும் 58. சிங்கப்பூரில் இருக்கும் உன் சின்ன மாமாவைக் கேட்டால் வேறு எண் சொல்வார். நம்மைப் போன்ற தனியார் லாட்ஜ் இந்த வயதில் ஆளை அனுப்பியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்க்கும்போது உன் அப்பாவும் யாருக்கும் ஓய்வு வயது எழுதிக் கொடுக்கவில்லை. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, நீக்குவதானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. ‘வயதாகிவிட்டது’ என்பது மட்டுமே தகுந்த காரணம் ஆகுமா என்று தொழிலாளர் துறை அதிகாரி கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

வயதே சரிதானா என்பதையும் பார். பட்டியலில் நான்காவதாக நீ எழுதியிருக்கும், பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அப்படித்தான். குத்துமதிப்பாக ஒரு வயது கேட்டு, வருடத்தைக் கழித்து, ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். அவருக்கு ஞானஸ்நானம் ஆனது நம் பக்கத்துப் பங்கில்தான். பதிவேட்டில் உள்ளபடி பார்த்தால் ஆதாரைவிட நாலு வயது இளையவர். பி.எஃப். கணக்கில் ஏறியிருப்பது இரண்டும் இல்லாத மூன்றாவது தேதி. இதில் எந்தத் தேதியை வைத்து நீ அவரை வீட்டுக்கு அனுப்புவாய்? அதைவிட முக்கியம், இந்தக் குளறுபடியைச் சரி செய்யாமல் அவர் போய்விட்டால், பிறகு பென்ஷனுக்கு எழுதிப் போடும்போது ஆதாரும் பி.எஃப். கணக்கும் ஒத்துப்போகாது என்று திருப்பி அனுப்புவார்கள். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தால் இதைத் திருத்தலாம். அவர் வேலையில் இருக்கும்போது உனக்கு இது அரைநாள் வேலை. வேலையை விட்ட பிறகு அவருக்கு அலைச்சல்தான்.

அடுத்தது நீ கவனமாகப் படிக்க வேண்டியது. ஐந்து பேரில் யாரைக் கேட்டாலும், ‘வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியலைம்மா, அதான் வர்றேன்’ என்றுதான் சொல்வார்கள். முதலாளி முன்னால் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆசையால் வேலைக்கு வருகிறவரும் வேறு வழியில்லாமல் வருகிறவரும் நம் வாசலில் ஒரே சீருடையில்தான் நிற்கிறார்கள். யார் எந்த வகை என்று தெரியாமல் நீ அனுப்பினாலும் தவறு, வைத்துக்கொண்டாலும் தவறு. பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதுவும் பத்து வருடச் சேவை இருந்தால். ஆதரவற்ற முதியவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் உதவித்தொகையை 2023-இல் 1,000-லிருந்து 1,200 ஆக்கினார்கள். இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாங்கி, மீதியில் ஒருவர் மாதம் முழுக்கச் சாப்பிட முடியுமா என்று நீயே கணக்குப் போடு. நம் டெல்டாவில் நடவுக்கும் களைக்கும் போகிற அம்மாக்களுக்கு ஓய்வு வயது என்று எப்போதும் இருந்ததில்லை, முதுகு வளையும்வரை வயலில்தான். லாட்ஜுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

இனி வேலையைப் பற்றி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியை உனக்குத் தெரிந்திருக்கும். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் பதினோரு படுக்கைகளோடு ஆரம்பித்தார். அதை எல்லோரும் சொல்வார்கள். நான் மறக்காதது வேறொன்று. இளவயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களுக்குப் பொருந்தும்படி அறுவைக் கருவிகளை மாற்றி அமைத்துக்கொண்டார். அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்குப் புரை நீக்கினார். கை திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ கார் கம்பெனி 2007-இல் டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையில் ஒரு சோதனை செய்தது. பத்து வருடம் கழித்துத் தன் தொழிலாளர்களின் சராசரி வயது என்னவாக இருக்குமோ, அந்த வயதுக் கலவையில் ஆட்களை ஒரு வரிசையில் நிறுத்தி வேலை செய்ய வைத்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். காலுக்கு இதமாக மரத்தரை, இடையிடையே உட்கார நாற்காலி, சின்னப் பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி என்று சுமார் 70 சின்ன மாற்றங்கள். மொத்தச் செலவு அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒன்றுமே இல்லை, ஏறக்குறைய 40,000 யூரோ. ஒரே வருடத்தில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது நாற்காலியை அல்ல, அவர்களைக் கேட்டார்களே, அதை.

நீயும் கேள். துணி துவைக்கும் அக்காவை முதலில் கேள். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்து 2005-இல் நம்மிடம் வந்தவர். அவருக்கு முட்டிதான் தேய்ந்திருக்கிறது, கை நன்றாகத்தான் இருக்கிறது. துவைத்த விரிப்புகளை வாளியில் வைத்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் அவரை வதைக்கிறது. நனைந்த இரட்டை விரிப்பு நாலைந்து ஒரு வாளியில் இருந்தால் என்ன கனம் இருக்கும் என்று ஒரு நாள் நீயே தூக்கிப் பார். பின்பக்கம் ஜெனரேட்டர் இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே கொடி கட்டிக் கொடுத்தால் மாடி ஏறவே வேண்டாம். சந்தனக் கறை காய்வதற்குள் உறையை எடுத்து ஊறப்போட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். புதுப் பையன்கள் எல்லாவற்றையும் சுருட்டி ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் பார்க்கும்போது உறை பாழாகியிருக்கும். ஒரு வருடத்தில் எத்தனை உறை வாங்கினாய் என்று பில்லைப் பார்.

பெருக்குகிற அம்மாவுக்குத் தரைத்தளமும் முதல் மாடியும் போதும். குந்தி உட்கார்ந்து துடைக்காமல் நின்றுகொண்டே துடைக்கும்படி நீளக் கைப்பிடி மாப் வாங்கிக் கொடு. மெத்தையை எப்போதும் இரண்டு பேராகத் தூக்க வேண்டும் என்பதை எல்லோருக்கும் சட்டமாக வை, சின்னவர்களின் இடுப்பும் இடுப்புதான். ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை ஒருவராக இருக்கிறார். அதை இரண்டு மணிக்குப் பிரித்து இரண்டு ஆளிடம் கொடு. மாடிப்படியில் விளக்கு மங்கல், கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. இதையெல்லாம் கிழவர்களுக்காகச் செய்கிற செலவு என்று நினைக்காதே. நம் அறைகளுக்கு வருகிறவர்கள் யார்? நேர்ச்சை செலுத்த வருகிற பாட்டிகளும் தாத்தாக்களும்தானே! பழைய கோயில்வரை மண்ணில் முழங்காலிட்டுப் போய்விட்டு வருகிறவர்களுக்கும் அந்தக் கைப்பிடி வேண்டும்.

வரவேற்பில் இருக்கும் அண்ணனை மட்டும் நீ ஏன் பட்டியலில் சேர்த்தாய் என்று எனக்குப் புரியவே இல்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, இந்தி என்று பல மொழிகளில் பூசை நடக்கிற ஊர் இது. கோவாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறவர்களிடம் கொங்கணியில் நாலு வார்த்தை பேசி அவர் உட்கார வைப்பார். கம்ப்யூட்டர் பதிவில் தடுமாறுகிறார் என்கிறாய். எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் அந்த டிப்ளமோ படித்த பையனை ஒரு மாதம் உட்கார வை. அவன் இவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும், இவர் அவனுக்கு ஆளைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கட்டும். உட்காருவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2021-இல் நான் மேலே சொன்ன அதே கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அது. ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருடம் கால் வீங்கி நின்று கேட்டு வாங்கிய உரிமை. நம் கவுன்டருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்டூல் கிடக்கிறது, அதுவும் ஆடுகிறது. அதை இந்த வாரமே மாற்று.

இப்போது பணம். இதில்தான் பலர் தெரியாமலும் சிலர் தெரிந்தும் அநியாயம் செய்கிறார்கள். ஊர் ஊராக லாட்ஜ் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

இலகுவான வேலை கொடுத்தால் நேரம் குறையும், சம்பளமும் குறையும் என்று நீ நினைப்பாய். துணி துவைக்கும் அக்காவுக்கு இப்போது மாதம் 13,000. கிராஜுவிட்டிக்கு அந்தச் சம்பளத்தை இருபத்தாறால் வகுத்துப் பதினைந்தால் பெருக்குவோம். அதாவது வருடத்துக்கு 7,500. இருபத்தொரு வருடத்துக்கு 1,57,500 ரூபாய். 1972-ஆம் வருடச் சட்டத்திலிருந்து இந்தப் பதினைந்து நாள் கணக்கு இருக்கிறது, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதுதான். ஆனால் கணக்குப் போடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல். இன்றைக்கு அவருடைய நேரத்தைக் குறைத்துச் சம்பளத்தை 9,100 ஆக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர் போகும்போது கணக்குப் போட்டால் வருவது 1,10,250 தான். இருபது வருடம் முழு நேரம் துவைத்த கைக்கு 47,250 ரூபாய் நஷ்டம். அவர் கையெழுத்தும் போட்டுவிடுவார், ஏனென்றால் நம்மை நம்புகிறார். ஆகவே சம்பளம் குறைகிறது என்றால், குறைப்பதற்கு முன்பே பழைய சம்பளத்தில் கணக்கை முடித்து, பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போட்டு, அதற்குப் பிறகு புது வேலைக்குப் புதிய ஆணை கொடு. சம்பளம் குறையவில்லை என்றால் சேவையைத் துண்டிக்காதே, அப்படியே ஓடட்டும்.

58 வயதானாலும் வேலையை விட்டால்தான் பென்ஷன் என்று நம் ஆட்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வேலையில் இருந்துகொண்டே 10-டி படிவம் கொடுத்து வாங்கலாம். அல்லது 60 வரை தள்ளி வைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். 58-க்குப் பிறகும் பி.எஃப். பிடிக்க வேண்டும், முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த பகுதியும் பி.எஃப். கணக்கிலேயே சேரும். வயதானவர் என்று சொல்லி வவுச்சரில் சம்பளம் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யாதே. இ.எஸ்.ஐ.-யில் ஐந்து வருடம் இருந்து வயது காரணமாக ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் வைத்தியம் கிடைக்கும். போகிறவர் கையில் இந்தத் தகவலைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பு.

ஆணையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, சிங்கப்பூரில் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலை வயது 68 என்று வைத்தார்கள். 2026 ஜூலையிலிருந்து 64, 69. தகுதியுள்ளவருக்கு முதலாளி மறுவேலை ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் ஒரு தொகை கொடுத்து உதவ வேண்டும். அங்கே யாரும் முதலாளியின் தயவில் தங்குவதில்லை, ஒப்பந்தத்தில் தங்குகிறார்கள். ‘பாவம், இருந்துட்டுப் போகட்டும்’ என்று உன் அம்மா சொல்வாள். நல்ல மனசுதான். ஆனால் பாவத்துக்காக வைத்துக்கொண்டவருக்கு லீவு கேட்க வாய் வராது, வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது. ஒரு வருடத்துக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், என்ன விடுப்பு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடு. அடுத்த வருடம் இருவரும் உட்கார்ந்து பேசிப் புதுப்பிக்கலாம்.

இளைஞர்களுக்கு வேலை வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போவதைப் பார்த்து எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெரியவர்களின் நேரத்தைக் குறைத்தால் விடுபடுகிற மணி நேரம் சின்னவர்களுக்குத்தானே போகிறது? மூன்றாம் மாடியும் ராத்திரி இரண்டு மணி ஷிப்டும் அவர்களுக்கான வேலை. இன்னொன்றையும் பார். தமிழ்நாட்டில் 2021-இல் அறுபது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்று மத்திய அரசு அறிக்கை மதிப்பிட்டிருக்கிறது. கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். இன்னும் சில வருடத்தில் நீ தேடினாலும் இருபது வயதுக்காரர்கள் இவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள்.

போக விரும்புகிறவரைப் பிடித்து வைக்காதே, அதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்வேளூர்ப் பக்கம் கூத்தூரில் இருந்துகொண்டு நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அதற்காக லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கியது 1981-இல், 55 வயதில். ரைட் லைவ்லிஹுட் விருது வாங்கியபோது 82. நான் மிகவும் மதிக்கிற மனுஷி. ஆனால் அவரைக் காட்டி, மூச்சு வாங்குகிற ஒருவரிடம் ‘அவங்களைப் பாருங்க’ என்று ஒருநாளும் பேசாதே. நம் கோயிலை 1962-இல் பசிலிக்காவாக உயர்த்திய இருபத்து மூன்றாம் ஜான், 76 வயதில் பாப்பரசர் ஆனவர். பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று, லூர்து மாதா திருநாளில், தனக்குத் தெம்பு இல்லை என்று உலகத்துக்கே சொல்லிவிட்டு 85 வயதில் விலகினார். இரண்டும் மரியாதையான செயல்தான். வாட்ச்மேன் அண்ணனுக்கு 67 ஆகிறது, கண்ணில் புரை. இரண்டாகப் பிரித்த ஷிப்டும் முடியவில்லை என்று அவர் சொன்னால், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கணக்கை முடித்துக் கொடு. அவராகச் சொல்லாமல், ஆனால் உனக்கு ஆபத்து தெரிந்தால், வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லாதே. அவர் வீட்டுக்குப் போய், அவர் மகளையும் உட்கார வைத்துச் சொல். பணத்தைக் கையோடு கொண்டு போ. புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு திரும்பி வர விருப்பமா என்றும் கேள்.

அடுத்த சனிக்கிழமை காலை வருகிறேன். ஐந்து பேரின் ஆதார் நகல், பி.எஃப். பாஸ்புக், முதலில் சேர்ந்த மாதத்துச் சம்பளப் பதிவேடு மூன்றையும் எடுத்து வை. 2005 பதிவேடு உன் அப்பாவின் பீரோவில் மேல்தட்டில் இருக்கும். நான் வருவதற்குள் ஐவரிடமும் தனித்தனியாகப் பேசிவிடு. என்ன வேலை முடிகிறது, எது முடியவில்லை, எதை மாற்றினால் முடியும் என்று மட்டும் கேள், பட்டியலைப் பற்றி வாயைத் திறக்காதே. மாடிப்படிக் கைப்பிடிக்கு வெல்டிங்காரரை வரச் சொல்லி அளவு எடுக்கச் சொல். உப்புக் காற்றுக்கு இரும்பு இரண்டு வருடம் தாங்காது, எவர்சில்வர் பைப்பிலேயே போடச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா